எங்கள் பள்ளிச் சாரணர் படையின் வரலாறு: விருதுப் பட்டியலா, நடந்த பாதைகளா?

கொள்ளிடக்கரை

எல்லோருக்கும் வணக்கம். நான் படித்தது திருச்சியில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில். அங்கே சாரணர் படை 1950-களில் தொடங்கியது. இப்போது பழைய மாணவர்கள் சேர்ந்து படைக்கு ஒரு வரலாற்று மலர் கொண்டுவருகிறோம். தொகுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

பள்ளியில் ஒரு மரப் பீரோவை ஒழித்தபோது பழைய ஹைக் லாக் புத்தகங்கள், அதாவது நடைப்பயணக் குறிப்பேடுகள் கிடைத்தன. காலிகோ அட்டை போட்ட கணக்குப் பேரேடுகள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம், சில நடைகளுக்கு நான்கைந்து பக்கம். எந்த அணி போனது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, வழியில் எங்கே தண்ணீர் இருந்தது, எந்தத் தோப்பில் சமைத்தார்கள், விறகு யார் கொடுத்தார்கள், எல்லாம் மசியில் எழுதியிருக்கிறது. பாதையை வரைந்து கிணறு, பாலம், ஆலமரம், மைல்கல் என்று குறி போட்டிருக்கிறார்கள். செலவுக் கணக்கு முதலில் அணாவில் ஓடுகிறது. 1957இல் ஒரு பக்கத்தில் திடீரென்று நயா பைசாவுக்கு மாறுகிறது. அந்தப் பக்கத்தில் பழைய காசைப் புதுக் காசாக மாற்றிப் போட்ட கூட்டல் ஓரத்தில் பென்சிலில் அப்படியே இருக்கிறது.

மலர்க் குழுவில் சிலர் ஆளுநர் விருது, குடியரசுத் தலைவர் விருது வாங்கியவர்களின் பட்டியல், முக்கியஸ்தர்கள் வந்த படங்கள், ஜம்போரி எனும் பெரிய சாரணர் கூடலுக்குப் போன விவரம் இவை போதும் என்கிறார்கள். இந்த லாக் புத்தகங்கள்தான் மலரின் நடுவில் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். மற்ற ஊர்ப் படைகளில் இருந்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பொன்மலைக்காரன்

தம்பி, முதலில் அந்தப் பேரேடுகளைக் காற்றுப் புகும் இடத்துக்கு மாற்றுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் இப்படிப்பட்டவை எடைக்குப் போய்விட்டன.

நான் ரயில்வே காலனியில் வளர்ந்தவன். ரயில்வே சாரணர் அமைப்பு தனி. தெற்கு ரயில்வேயே ஒரு மாநிலம் போலக் கணக்கு. எங்கள் முகாம் பெரும்பாலும் கொள்ளிட மணலில்தான் நடக்கும். கோடையில் தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும். ஒரு பக்கம் நாணல், இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். போய் இறங்கியதும் முதல் வேலை ஊற்றுத் தோண்டுவது. கையாலேயே பறிப்போம். இடுப்பளவு கூடப் போக வேண்டாம், தண்ணீர் கசிந்து வரும். முதலில் கலங்கலாக வருவதை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் தெளிந்துவிடும். குடிக்க ஒரு ஊற்று, பாத்திரம் கழுவ அதற்கு இறக்கத்தில் தள்ளி இன்னொன்று. இரண்டையும் கலக்கவிட மாட்டார் எங்கள் ஸ்கவுட் மாஸ்டர். மணலில் கூடார முளை நிற்காது என்பதால் முளைக்குப் பதிலாக விறகுக் கட்டையைக் கயிற்றில் கட்டி மணலுக்குள் படுக்கையாகப் புதைப்போம். அந்த முறையை நான் எந்தக் கையேட்டிலும் படிக்கவில்லை. படையில் மூத்த பையன்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

இதெல்லாம் மலரில் வர வேண்டும். அதே நேரம் விருதுப் பட்டியலைச் சின்னதாக நினைக்காதீர்கள். ரயில்வே வேலையில் சாரணர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. குடியரசுத் தலைவர் விருதுச் சான்றிதழ் ஒன்றால் தலைநிமிர்ந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தப் பெயர்கள் அச்சில் வருவது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

ஏட்டுச்சுவடி

முதல் அத்தியாயத்தில் ஒன்றை மறக்காமல் எழுதுங்கள். பெரும்பாலான பள்ளி மலர்களில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் சுமார் 20 பையன்களோடு முகாம் போட்டார், இந்தியாவுக்கு 1909இல் வந்தது, 1950இல் பாரத சாரணர் அமைப்பு உருவானது என்று மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். நடுவில்தான் நம் கதை இருக்கிறது.

1909இல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் தொடங்கிய படை ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கானது. இந்தியப் பையன்களைச் சேர்க்க அரசு தயங்கியது. படை கட்டி, கொடி பிடித்து, வரைபடம் படித்து, சைகையில் செய்தி அனுப்பப் பழகிய இந்திய இளைஞர்கள் நாளைக்கு என்ன செய்வார்கள் என்ற அச்சம். அந்தக் கதவு மூடியிருந்ததால்தான் நம்மவர்கள் தாங்களாகவே தொடங்கினார்கள். வடக்கே ஷாஜகான்பூரில் 1913இல் ஸ்ரீராம் பாஜ்பாய். சென்னையில் 1916-17 வாக்கில் அன்னி பெசன்ட், அருண்டேலின் துணையோடு இந்திய சாரணர் சங்கம். அதே 1917இல் பெசன்டையும் அவருடைய தன்னாட்சி இயக்கத் தோழர்கள் அருண்டேலையும் வாடியாவையும் அரசு ஊட்டியில் காவலில் வைத்தது. தன்னாட்சி கேட்டவர்களும் பையன்களுக்குக் கயிற்று முடிச்சு சொல்லிக்கொடுக்க ஆள் சேர்த்தவர்களும் ஒரே ஆட்கள்தான். பெசன்டின் சாரணர்கள் ஐரோப்பியத் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை கட்டினார்கள். இந்தியப் பாட்டுகளைப் பாடினார்கள். 1918இல் மாளவியா, குன்ஸ்ரூ, பாஜ்பாய் சேர்ந்து அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் சங்கத்தை அமைத்தார்கள்.

1921இல் பேடன் பவல் இந்தியா வந்த பிறகு பெசன்டின் சங்கம் பிரிட்டிஷ் அமைப்போடு இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. 1932இல் பெசன்டுக்குச் சாரணர் இயக்கத்தின் உயர் விருதான வெள்ளி ஓநாய் விருது கொடுத்தார்கள். 1937இல் டெல்லியில் முதல் அகில இந்திய ஜம்போரி. அந்தச் சமயத்தில் பேடன் பவல் இந்தியர்களின் குணத்தைப் பற்றிச் சொன்ன சொற்கள் பெரும் கோபத்தைக் கிளப்பின. அதன் தொடர்ச்சியாக 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது. 1950 நவம்பர் 7இல் எல்லாம் ஒன்றானது இத்தனை மனத்தாங்கலுக்குப் பிறகுதான். உங்கள் படை பிறந்தது அந்த இணைப்பு நடந்த சூட்டோடு சூடாக. அதைச் சொல்லாமல் தொடங்கினால் கதைக்கு வேர் இருக்காது.

கொள்ளிடக்கரை

பொன்மலை ஐயா, பட்டியல் நிச்சயம் வரும், பெயர் விடாமல். எனக்கு ஆசை அது மட்டுமே மலராகிவிடக் கூடாது என்பதுதான்.

ஏட்டுச்சுவடி அண்ணா, ஒரு சந்தேகம். பள்ளியில் தலைப்பாகை கட்டிய பையன்கள் கையில் கம்போடு நிற்கும் பழைய படம் ஒன்று இருக்கிறது. தேதி இல்லை. நம் படை பெசன்ட் காலத்திலேயே இருந்தது என்று சிலர் அதை வைத்துப் பேசுகிறார்கள்.

ஏட்டுச்சுவடி

தலைப்பாகையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சில் எழுத்து ஏதாவது இருக்கும். சட்டைப்பையில் உள்ள பேட்ஜை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். அந்தக் காலப் பள்ளி ஆண்டறிக்கைகள், கல்வித்துறை ஆய்வுக் குறிப்புகள் அலுவலகத்தில் கிடக்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால் 'தேதி தெரியாத படம்' என்றே போடுங்கள். பழமை கூடுகிறதே என்று வயதைக் கூட்டிப் போட்டால், மற்ற பக்கங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

திசைகாட்டி

லாக் புத்தகத்தில் திசை பார்த்த குறிப்புகள் ஏதாவது இருக்கிறதா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

சாரணர் கையேடுகள் பெரும்பாலும் இங்கிலாந்து வானத்தை வைத்து எழுதப்பட்டவை. துருவ நட்சத்திரத்தைப் பார், அது வடக்கு என்பார்கள். லண்டனில் அது பாதி வானத்துக்கும் மேலே நிற்கும். திருச்சி ஏறக்குறைய 10.8 பாகை அட்சரேகையில் இருக்கிறது, அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரம்தான். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஒரு முஷ்டி உயரம். ஒரு தென்னந்தோப்பு போதும் அதை மறைக்க. நகர வெளிச்சமும் புழுதியும் இருந்தால் தேடவே வேண்டாம்.

நமக்கு உதவுவது ஓரியன் என்ற விண்மீன் கூட்டம். அதன் இடுப்பில் உள்ள மூன்று விண்மீன்கள் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். டிசம்பர் விடுமுறை முகாமில் சாப்பாட்டுக்கு முன்னால் கிழக்கே எழும். பக்கத்திலேயே சிவப்பாகத் தெரிவது திருவாதிரை. மார்கழித் திருவாதிரை என்றால் நம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

பகல் நிழலும் அப்படித்தான். உச்சிவேளையில் கம்பின் நிழல் வடக்கே விழும் என்று கையேட்டில் இருக்கும். திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அப்போது நிழல் தெற்கே விழும். மே மாத நடுவில் 12.10 மணி வாக்கில் ஐந்தடிக் கம்பை நட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு சாண் நிழல் தெற்குப் பக்கம் விழும். கையேட்டை மட்டும் நம்பி நடந்த பையன் எதிர்த்திசைக்குப் போய்விடுவான். உங்கள் பழைய ஸ்கவுட் சார் யாராவது இதைக் கவனித்து எழுதியிருந்தால் அது பெரிய சொத்து.

கைடு அக்கா

நான் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை, சாரணியர் படைக்குக் கைடு கேப்டன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, பெண்களை விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் முதல் சாரணியர் படை 1911இல் ஜபல்பூரில் தொடங்கியது. பாரத சாரணர் அமைப்பில் சாரணியர் இணைந்தது 1951 ஆகஸ்ட் 15. இன்று அது சாரண சாரணியர் இயக்கம். உங்கள் பள்ளி ஆண்கள் பள்ளியாகவே இருந்தாலும், பக்கத்துப் பெண்கள் பள்ளியோடு சேர்ந்து திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் கொடுத்தது, காணாமல் போன குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது என்று ஏதாவது நடந்திருக்கும். அந்தப் பக்கத்தையும் தேடுங்கள்.

இரண்டாவது, இப்போது ஏன் நடை போவதில்லை என்று கேட்பவர்கள் எங்கள் நிலைமையையும் கேளுங்கள். ஒரு நாள் வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றால் தலைமையாசிரியர் அனுமதி, மேலிட அனுமதி, ஒவ்வொரு பெற்றோர் கையெழுத்து, கூட வர இன்னொரு ஆசிரியை, பிள்ளைகள் ஒதுங்க நல்ல கழிப்பறை உள்ள இடம் இவ்வளவும் வேண்டும். சாரணியர் வேலைக்கென்று பாடவேளை குறைவதில்லை. சனி, ஞாயிறுதான். என் செலவில் கயிறு வாங்கியிருக்கிறேன், முக்கோணக் கட்டுத் துணிக்கு என் பழைய சேலையைக் கிழித்திருக்கிறேன். அப்படியும் விளையாட்டு மைதானத்திலேயே முகாமை முடிக்க வேண்டிவருகிறது.

மைதானத்தில் கூடாரம் கட்டக் கற்றுக்கொள்ளலாம், மூங்கிலில் சதுரக் கட்டு போட்டுத் தட்டு வைக்கும் ஸ்டாண்ட் செய்யலாம், சிக்னல் பழகலாம். ஆனால் வழி தெரியாத இடத்தில் வழி கேட்டுப் போவது, காலில் கொப்புளம் வந்த தோழியின் பையையும் சேர்த்துச் சுமப்பது, இதெல்லாம் சுற்றுச்சுவருக்குள் வராது. எனக்கும் அந்த ஏக்கம் இருக்கிறது.

இரண்டு பிள்ளை அம்மா

என் மகன் சாரணர் படையில் சேர ஆசைப்படுகிறான். இங்கே படிக்கப் படிக்க எனக்கும் ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் நடத்திப் பிள்ளைகளுக்குக் கொடுமை செய்தார்கள். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழியில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி அடிக்கடி வருகிறது. அந்தக் காலத்தில் ஊரே ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருந்தது. இன்றைக்கு என் பிள்ளையை யாரை நம்பி அனுப்புவது? தப்பாக நினைக்காமல் சொல்லுங்கள்.

திசைகாட்டி

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை அக்கா, கேட்க வேண்டிய கேள்வி. குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. பிப்ரவரி நடுவிலிருந்து கோடைத் தொடக்கம் வரை காட்டுத்தீ காலம், அப்போது காட்டுப் பாதைகள் மூடியிருக்கும். 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை எடுத்து, இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி என்று ஒழுங்குபடுத்தியிருக்கிறது. அங்கே சுலபமான பாதைகளும் உண்டு.

பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டியது இவை. முகாம் நடத்துபவருக்கு சாரணர் அமைப்பின் பயிற்சிச் சான்று இருக்கிறதா, படை பதிவு செய்யப்பட்டதா, மாவட்ட அமைப்புக்கு முகாம் தெரியுமா, எப்போதும் இரண்டு பெரியவர்கள் உடனிருப்பார்களா, பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் கேப்டன் இரவிலும் இருப்பாரா. இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லாத முகாமுக்கு அனுப்பாதீர்கள். முகாம் நடக்கும்போது முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பாருங்கள். நல்ல ஸ்கவுட் மாஸ்டர் உங்களை உட்காரவைத்து டீ கொடுப்பார்.

பொன்மலைக்காரன்

அந்த அம்மா சொன்ன மணல் குழி விஷயம் என் நெஞ்சில் இருப்பது. நாங்கள் முகாம் போட்ட மணல் இப்போது அங்கே இல்லை. அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். களிமண் தெரிகிறது, அதன் மேல் நாணலும் சீமைக் கருவேலமும் மண்டிக் கிடக்கின்றன. தண்ணீர் வந்தால் எது மேடு, எது பள்ளம் என்று பழகினவனுக்கே தெரியாது. ஊற்றுத் தோண்ட மணலே இல்லாதபோது ஊற்றுத் தோண்டத் தெரிந்த பையன் எங்கிருந்து வருவான்? 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிட மேலணையின் 9 மதகுகள் உடைந்து போனபோது நான் கரையில் நின்று பார்த்தேன். ஆறு நாங்கள் அறிந்த ஆறாக இல்லை.

ஆசிரியர்கள் சோம்பலால் நடை நின்றுவிட்டது என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. இடமே போய்விட்டது.

புது ஸ்கவுட் சார்

இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய காலம் பொற்காலம், இப்போது எல்லாம் சான்றிதழுக்காக என்ற தொனி அங்கங்கே வருகிறது. அது எங்கள் பையன்களுக்குச் செய்யும் அநியாயம்.

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் பாரத சாரணர் இயக்கத்தின் வைர விழா ஜம்போரி நடந்தது. எங்கள் பள்ளியிலிருந்து பையன்களைக் கூட்டிப் போனேன். அதில் சிலர் அதுவரை ஓர் இரவு கூட வீட்டுக்கு வெளியே தூங்கியதில்லை. முதல் இரவு ஒருவன் அழுதான். மூன்றாம் நாள் அவனே வடகிழக்கு மாநிலப் பையன்களோடு ஸ்கார்ஃப் மாற்றிக்கொண்டு, அவர்கள் சமைத்ததைத் தட்டில் வாங்கிவந்து எங்களுக்கு ஊட்டினான். இந்தி தெரியாது, ஆங்கிலமும் தட்டுத்தடுமாறித்தான். எப்படிப் பேசினான் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

இன்னொன்று, சான்றிதழுக்காகச் சேர்கிறார்கள் என்பது உண்மைதான். சேரட்டும். ராஜ்யபுரஸ்கார் என்ற ஆளுநர் விருதுக்காகச் சேர்ந்த பையனுக்கு, பிரவேஷ் என்ற நுழைவு நிலையிலிருந்து ஒவ்வொரு சோபானாக, அதாவது படியாக ஏறும்போது முதலுதவி, சமையல், மதிப்பீடு, காம்பஸ், நடை எல்லாம் வந்துவிடுகிறது. எதற்காக உள்ளே வந்தான் என்பதை விட உள்ளே வந்தவனுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்பதுதான் கேள்வி. மலரில் எங்கள் காலத்துக்கும் இடம் கொடுங்கள் அண்ணா.

கொள்ளிடக்கரை

சார், நீங்கள் சொல்வது நியாயம். மணப்பாறைக்குப் போன பையன்களிடமே எழுதி வாங்கி மலரில் போடுகிறேன். ஆசிரியர் எழுதினால் அறிக்கையாகிவிடும், அவர்கள் எழுதட்டும்.

லாக் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பலரும் தனிமடலில் கேட்டிருந்தீர்கள். ஒரு நடையை மட்டும் சொல்கிறேன். நார்த்தாமலைக்குப் போன நடை. கீரனூர் வரை பஸ், அங்கிருந்து நடை. புலி அணிதான் முன்னால் போய், பின்னால் வருபவர்களுக்கு வழிகாட்டும் சுவடு போட்டது. கூழாங்கல் அம்புக்குறி, முடிச்சுப் போட்ட புல், கிளையில் சிறு வெட்டு என்று என்னென்ன குறி எங்கெங்கே வைத்தார்கள் என்பது வரைபடத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் ஆட்டு மந்தை கடந்து கல் குறிகள் கலைந்துபோய், பின்னால் வந்த கழுகு அணி வேறு பக்கம் போய்விட்டது. அங்கே ஆடு மேய்த்த பெரியவர் கூட்டிவந்து விட்டிருக்கிறார். அந்தப் பெரியவர் சொன்ன சுனைகளின் பெயர்களைத் தனியாக ஒரு கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எதில் ஆடு மட்டும் குடிக்கும் என்பது வரை.

சமையல் பாத்திரம் இல்லாமல். சர்க்கரைவள்ளியைக் களிமண் பூசித் தணலில் புதைத்தது, கத்தரிக்காயை வாழை இலையில் சுற்றிச் சுட்டது, கோதுமை மாவைக் குச்சியில் சுற்றி வாட்டியது. மாவு உள்ளே வேகவில்லை என்று வயிற்றுவலிக் குறிப்பும் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு மேலமலையில் ஏறி விஜயாலய சோழீச்சரம் கோயிலின் நிழலில் உட்கார்ந்து, அதன் விமானம் எவ்வளவு உயரம் என்று ஒவ்வொரு அணியும் கம்பு நிழலை வைத்தும், பென்சிலைக் கண்முன் நீட்டி அளக்கும் முறையிலும் கணக்குப் போட்டிருக்கிறது. அணிக்கு ஒரு விடை, எல்லா விடையும் அடித்தல் திருத்தலோடு பதிவாகியிருக்கிறது.

திசைகாட்டி, உங்கள் நிழல் விஷயம் இருக்கிறது! ஒரு கோடை முகாம் பக்கத்தில் நிழல் தெற்கே விழுந்ததாகவும், புத்தகத்தில் வேறு மாதிரி இருப்பதாகவும், மறுநாளும் நட்டுப் பார்த்து உறுதி செய்ததாகவும் ஓர் அணித்தலைவன் எழுதியிருக்கிறான். கீழே ஸ்கவுட் மாஸ்டரின் சிவப்பு மசி டிக்.

இதைப் படித்த பிறகு நான் ஒன்றில் உறுதியாக இருக்கிறேன். இந்தப் பக்கங்களில் படையின் கதையோடு சேர்த்து இந்த வட்டாரத்தின் கதையும் இருக்கிறது. எந்த ஊர் எல்லையில் எந்தக் கிணறு இருந்தது, எந்தச் சாலையில் இரண்டு பக்கமும் புளியமரம் நின்றது, ஆற்றில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் என்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் கண்ணால் பார்த்து எழுதியது. அரசு ஆவணத்தில் இது கிடைக்காது. விருது வாங்கியவர்களின் பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இதை இந்தப் பேரேடுகளை விட்டால் எங்கிருந்து எடுப்பது?

வடமராட்சி

அண்ணை, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். எங்கட நாட்டில சாரணர் இயக்கம் 1912இல மாத்தளையில கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில ஸ்டீவன்ஸ் எண்டவர் தொடங்கினது. நான் படிச்ச பள்ளிக்கூடத்திலயும் நல்ல பழைய சாரணர் குழு இருந்தது. சின்ன வயசில சீருடையோட வீடு வீடாப் போய், முற்றம் கூட்டி, விறகு கொத்திக் குடுத்து, அவை தாற காசை அட்டையில எழுதி வாங்கிற வேலை வாரம் எங்களுக்குப் பெரிய கொண்டாட்டம். அந்தக் காசிலதான் பாசறைக்குச் சாமான் வாங்குறது.

ஆனா எங்கட குழுவின்ர பழைய பதிவுப் புத்தகங்கள் ஒண்டும் இப்ப இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாம் போயிட்டுது. 1981இல எங்கட நூலகம் எரிஞ்ச கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு இடத்தில மட்டும் வைச்சிருக்கிறதுக்கு என்ன நடக்கும் எண்டதை நாங்கள் கண்ணால கண்டனாங்கள். மலர் பிறகு வரட்டும், முதல்ல பிரதி எடுங்கோ. ஒண்டு பள்ளிக்கூடத்தில, ஒண்டு வேற ஊரில, ஒண்டு கணினியில.

ஏட்டுச்சுவடி

தம்பி சொன்னதற்கு மேல் ஒன்றுமில்லை. இன்றே தொடங்குங்கள். நடைமுறைக்குச் சில குறிப்பு மட்டும்.

பேரேட்டைத் தட்டையாக அழுத்தி ஸ்கேன் செய்யும் இயந்திரத்தில் வைக்காதீர்கள், தையல் விட்டுப்போகும். மேலிருந்து படமெடுங்கள். நேர் வெயில் வேண்டாம், ஜன்னலோர வெளிச்சம் போதும். வெற்றுப் பக்கத்தையும் அட்டையின் உட்புறத்தையும் விடாமல் எடுங்கள். உள்ளே வைத்த இலை, பஸ் டிக்கெட், ரசீது எது இருந்தாலும் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவிட்டுத் தனிக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் கோர்க்கும். செல்லோடேப் கண்டிப்பாகக் கூடாது. கிழிந்ததைக் கிழிந்தபடியே விடுங்கள்.

அப்புறம், அந்தப் பக்கங்களில் பெயர் உள்ள பையன்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் முன்னால் வரைபடத்தை வைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். கேள்விப் பட்டியலோடு போகாதீர்கள். வரைபடத்தைப் பார்த்தால் அவர்களே பேசுவார்கள்.

கைடு அக்கா

கொள்ளிடக்கரை அண்ணா, எனக்கு ஒரு யோசனை. பழைய பாதைகளில் ஊரை ஒட்டியது, தார்ச்சாலையிலிருந்து அதிகம் விலகாதது, காட்டையும் ஆற்றையும் தொடாதது ஏதாவது இருந்தால் அதன் வரைபட நகலை அனுப்புங்கள். காலையில் கிளம்பி மதியத்துக்குள் திரும்பும்படி இருந்தால் என்னால் அனுமதி வாங்க முடியும். பிள்ளைகள் கையில் பழைய வரைபடத்தைக் கொடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு குறியும் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லலாம். கிணறு இருந்தால் டிக், தூர்த்திருந்தால் அங்கே இப்போது என்ன இருக்கிறது. அவர்களுக்கும் நடை, உங்கள் மலருக்கும் ஒரு பக்கம்.

இரண்டு பிள்ளை அம்மா

இப்படி ஒரு நடை என்றால் நான் கையெழுத்துப் போடுகிறேன். கூட வரவும் தயார். தண்ணீர், மோர் என் பொறுப்பு.

கொள்ளிடக்கரை

அக்கா, இது என் மனதில் இல்லாத யோசனை, நன்றி. தேடிப் பார்த்தேன். திருவெறும்பூர் குன்றுக் கோயிலைச் சுற்றிப் போன ஓர் அரை நாள் நடை இருக்கிறது. வரைபடத்தில் இரண்டு கிணறு, ஒரு கல்மண்டபம், ஒரு வாய்க்கால் பாலம், வரிசையாகப் பனைமரம் என்று குறித்திருக்கிறார்கள். பெயர்களை மறைத்துவிட்டு நகலை உங்களுக்கு அனுப்புகிறேன். புது ஸ்கவுட் சார் படையும் வருமா என்று சொல்லுங்கள். பொன்மலை ஐயா அந்தப் பக்கத்துக்காரர், கிணறு எங்கே இருந்தது என்று காட்ட வண்டியிலாவது வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். காலை 6.30-க்குக் குன்றின் அடிவாரத்தில் கூடலாம். இரண்டு படைக்கும் முதலுதவிப் பெட்டி தனித்தனியாக இருக்கட்டும்.

பேரேடுகளைப் படமெடுக்கும் வேலையை இந்த வாரம் தொடங்குகிறோம். ஒரு பிரதி பள்ளிக்கு, ஒன்று சென்னையில் உள்ள பழைய மாணவர் வீட்டுக்கு, ஒன்று வடமராட்சித் தம்பி கேட்டால் அவருக்கும்.

1960-களிலோ 70-களிலோ திருச்சி வட்டாரத்தில் எந்தப் பள்ளிப் படையில் இருந்தவராக இருந்தாலும், முகாம் படம், பழைய பேட்ஜ், லாக் புத்தகம் எது உங்கள் வீட்டில் இருந்தாலும் தனிமடலில் சொல்லுங்கள். பொருளை அனுப்ப வேண்டாம், நானே வந்து படமெடுத்துக்கொள்கிறேன்.

பொன்மலைக்காரன்

வருகிறேன் தம்பி. நீங்கள் சொன்ன இரண்டு கிணற்றில் ஒன்று எனக்குத் தெரியும். அதை மூடி மேலே வீடு கட்டியாகிவிட்டது. வீட்டுக்காரர் எனக்குப் பழக்கம்தான், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். பிள்ளைகள் வந்து பார்த்தால் கோபிக்க மாட்டார்.